புகார் சொல்ல முடியாதவருக்கு ஓர் இல்லம்

தமிழ்நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ எங்கே என்று வழி கேட்டால், பிரசவம் பார்க்கும், குடல்வால் அறுவை செய்யும், பத்துப் பதினைந்து படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனைக்குத்தான் கைகாட்டுவார்கள். வெளிநாடுகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. நோயும் முதுமையும் சேர்ந்து வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலைக்கு வந்தவர்கள், வருடக்கணக்கில் தங்கும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்துக்கு இங்கே இன்னும் ஒரு நிலையான பெயர்கூட அமையவில்லை. முதியோர் இல்லம், கேர் ஹோம், அசிஸ்டெட் லிவிங், டிமென்ஷியா கேர் சென்டர் என்று பலகைக்குப் பலகை மாறுகிறது. பெயர் மட்டும் மாறினால் பரவாயில்லை. தன் பென்ஷன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் முதியவருக்கான விடுதியும், கட்டிய மனைவியையே ‘யாரும்மா நீ?’ என்று கேட்பவருக்கான இல்லமும் ஒரே விளம்பரத்தில், ஒரே வாசகத்தோடு வருகின்றன. பார்க்கப் போகிறவருக்கு முதல் வேலை இந்த இரண்டையும் பிரித்தறிவது.

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். 2015இல் வந்த ‘ஓ காதல் கண்மணி’ படத்தில் அல்சைமர் வந்த பவானியைக் கணவர் கணபதி பார்த்துக்கொள்ளும் விதத்தைக் கண்டு நெகிழ்ந்தவர்கள் நிறைய. ஆனால் கதை முடிந்த பிறகு வரும் வருடங்களைப் படம் காட்டவில்லை. இரவு மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று கதவைத் தட்டுவது, குளிப்பாட்ட வந்த கையைக் கடிப்பது, கழிவறை எங்கே என்று தெரியாமல் பூஜையறை மூலையில் உட்கார்ந்துவிடுவது என்று அந்த வருடங்கள் போகும். அப்போது கணபதிக்கும் வயதாகியிருக்கும். அவருக்கே முதுகு பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் இல்லம் தேடத் தொடங்குகின்றன. தேடலும் பொறுமையாக நடப்பதில்லை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மருத்துவமனையில் ‘நாளைக்கு டிஸ்சார்ஜ்’ என்று சொல்லிவிட்ட மாலையில், வாட்ஸ்அப்பில் வந்த மூன்று எண்களுக்குப் போன் போட்டு, மறுநாள் காலையே ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். ‘கொண்டுபோய் விட்டுட்டாங்க’ என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, முன்கூட்டியே நாலு இடம் பார்த்து வைப்பதுகூடக் குற்றம் என்று நினைக்கிறார்கள். உண்மையில், நோய் என்னவென்று தெரிந்த வருடமே இல்லங்களைப் பார்த்து வைப்பதுதான் அக்கறை. சேர்க்க வேண்டிய தேவையே வராமல் போனாலும் நட்டமில்லை.

கல்லூரி விடுதியில் சாம்பார் சரியில்லை என்றால் பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவான். மருத்துவமனையில் நர்ஸ் எரிந்து விழுந்தால், பார்க்க வரும் மருமகளிடம் மாமியார் சொல்லிவிடுவார். டிமென்ஷியா முற்றியவரால் இது முடியாது. காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பது மதியம் நினைவிருக்காது. யாரோ அடித்தார்கள் என்று அவர் சொன்னாலும் ‘அவங்களுக்கு அப்படித்தான் தோணும்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியும். தங்குபவரின் வாய்மொழி இல்லாமலே ஓர் இடத்தை எடைபோட வேண்டியிருப்பதுதான் இந்தத் தேடலில் உள்ள தனிச் சிக்கல். பளபளக்கும் வரவேற்பறையும் மேலாளரின் இனிய பேச்சும் அதற்கு உதவாது. சுவர், தட்டு, தலைமுடி, மாத்திரைச் சீட்டு, டியூட்டி சார்ட் ஆகியவை சாட்சி சொல்ல வேண்டும்.

காகிதம்

காகிதத்தை முதலில் முடித்துவிடலாம். முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்க வேண்டும். மருத்துவமும் பார்க்கிறோம் என்றால் மருத்துவ நிறுவனங்களுக்கான பதிவையும் கேட்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றல் குலைவும் இடம், காலம் அறியாமையும் அடங்குகின்றன. ஆகவே ‘மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா?’ என்று கேட்பதும் நியாயமே. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் மட்டும் போதாது. எந்தத் தேதி வரை செல்லும் என்று கிட்டே போய்ப் படிக்க வேண்டும்.

இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்ததை நினைவில் கொள்ளலாம். ஓர் ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவரைப் பார்க்க வந்த உறவினரிடம், அவரை வேறு மாநிலத்து இல்லத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போனால் அங்கும் அவர் இல்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். அந்த ஆசிரமம் உரிமமே இல்லாமல் நடந்துவந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் வேறு கிளைக்கோ வேறு ஊருக்கோ மாற்றக் கூடாது என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சம்பவம் கற்றுத் தந்த பாடம்.

மாலை ஐந்து மணி

எல்லா இல்லங்களும் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லும். அந்த நேரத்தில் குளியல் முடிந்திருக்கும், தரை துடைத்தாகிவிட்டிருக்கும், எல்லாரும் நெற்றியில் விபூதியோடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். போகலாம், தவறில்லை. ஆனால் முடிவெடுக்க வேண்டியது மாலையில் பார்த்ததை வைத்து.

டிமென்ஷியா உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரம் பொல்லாதது. பகல் முழுவதும் அமைதியாக இருந்தவர் ஐந்து மணிக்கு மேல் அலைபாயத் தொடங்குவார். ‘பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும்’, ‘கடையைச் சாத்தணும்’, ‘பஸ் போயிடும்’ என்று வாசலுக்கும் அறைக்கும் நடப்பார். வேலையாட்கள் ஷிப்ட் மாறும் நேரமும் பல இடங்களில் இதை ஒட்டியே வரும். ஆள் குறைவு, அமைதியின்மை அதிகம் என்ற இந்த இரண்டு மணி நேரத்தில்தான் இல்லத்தின் உண்மை முகம் தெரியும்.

ஒரு நாற்காலியைப் போட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்டால் போதும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிற அம்மாவுக்கு என்ன பதில் கிடைக்கிறது? ‘இதாம்மா உங்க வீடு, எத்தனை தடவை சொல்றது, உக்காருங்க’ என்பது ஒரு வகை. ‘இதோ உங்க பையன் கிளம்பிட்டாரு’ என்ற பொய் இன்னொரு வகை. ‘உங்க வீடு எங்கம்மா? ஓ, மாயவரமா! வாசல்ல திண்ணை உண்டா?’ என்று கேட்டபடி கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று கூடவே நடந்து வருவது மூன்றாவது வகை. மூன்றாவது பதில் காதில் விழுந்த இல்லத்தில், பெயின்ட் உரிந்த சுவரை மன்னித்துவிடலாம்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் பராமரிப்பு இல்லங்களில் உட்கார்ந்து இப்படித்தான் கவனித்தார். ஏமாற்றிப் பேசுவது, குழந்தைபோல நடத்துவது, அவருக்குப் புரியாத வேகத்தில் அவசரப்படுத்துவது, அவர் இல்லாததுபோல அவர் தலைக்கு மேலே பேசிக்கொள்வது என்று தான் கண்டதையெல்லாம் 1997இல் வெளியான நூலில் வகைப்படுத்தினார். இவற்றைச் செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதை அவர் அழுத்திச் சொன்னார். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, பழக்கத்தால் செய்கிறார்கள். ஆனால் நோய் பாதி குலைத்த மனிதரை மீதிப் பாதி குலைப்பது இதுதான் என்பது அவர் வாதம்.

நம் ஊர் இல்லங்களில் இதற்கு நம் ஊர் அடையாளங்களே உண்டு. முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர் ‘சார்’ என்று கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பார். ‘தாத்தா’ என்றால் தன்னையில்லை என்று நினைப்பார். அவரை அங்கே யாராவது ‘சார்’ என்கிறார்களா? இல்லை, ‘ஏழாம் நம்பர் பெட்’டா? பெண்கள் கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று தலைகளைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கிராப் வெட்டி, எல்லாருக்கும் நைட்டி மாட்டியிருந்தால், அங்கே வேலையாட்களின் வசதிதான் சட்டம் என்று பொருள். எழுபது வருடம் பின்னல் போட்ட தலை அது; பேன் வருகிறது, சிக்கெடுக்க நேரமில்லை என்று முதல் வாரமே கத்தரி வைத்துவிடுவார்கள். புடவை கட்டிய, பொட்டு வைத்த, கொண்டை போட்ட நாலு பேராவது கண்ணில் பட்டால் அங்கே காலை நேரத்தில் கைகள் போதுமான அளவு இருக்கின்றன என்று கணக்கிடலாம்.

அதே பார்வையில் மூக்குக்கண்ணாடிகளையும் எண்ணிவிடலாம். எண்பது வயதுக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் கண்ணாடி இரண்டே இரண்டு என்றால், மற்றவை தொலைந்துவிட்டன அல்லது அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. பல்செட்டும் காது மெஷினும் அப்படியே. கண்ணும் காதும் மங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

பதினைந்து நிமிடக் குளியல்

‘எங்களிடம் 24 மணி நேரமும் பயிற்சி பெற்ற பணியாளர்கள்’ என்ற வாசகம் இல்லாத விளம்பரம் இல்லை. அதைக் கணக்காக மாற்றிக் கேட்க வேண்டும். ஓர் இல்லத்தில் 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் 9 மணிக்குள் பல் துலக்கி, கழிவறைக்கு அழைத்துப்போய், குளிப்பாட்டி, உடை மாற்றி, காபியும் டிபனும் கொடுத்தாக வேண்டும். உதவியாளர் இருவர் என்றால் தலைக்கு 12 பேர். 180 நிமிடத்தை 12ஆல் வகுத்தால் ஒருவருக்கு 15 நிமிடம். சட்டைப் பொத்தானைப் போடவே ஐந்து நிமிடம் எடுப்பவரை, தண்ணீரைக் கண்டால் மிரள்பவரை, 15 நிமிடத்தில் குளிப்பாட்ட முடியாது. கார் கழுவுவதுபோலக் கழுவத்தான் முடியும். அப்போது அவர் அடிப்பார், கடிப்பார். ‘வயலண்ட் பேஷண்ட்’ என்று குறிப்பேட்டில் ஏறும். நாலு பேர் இருந்தால் அதே மனிதருக்கு அரை மணி நேரம் கிடைக்கும். பாதி நாட்கள் அவர் வயலண்ட் ஆகவே மாட்டார்.

இரவுக் கணக்கு இன்னும் கொடுமை. புரள முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகின் கீழ் படுக்கைப் புண் வரும். கனத்த உடம்பைத் திருப்ப இருவர் வேண்டும். ராத்திரி டியூட்டியில் ஒரே ஒருவர் என்றால் திருப்புவது நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ‘இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது? இங்கே வந்தபின் வந்தது எத்தனை?’ என்று நேராகக் கேட்க வேண்டும். ஒருவருக்கும் இல்லை என்று உடனே சொல்லும் மேலாளரைவிட, ‘இரண்டு பேருக்கு, ஒருவர் புண்ணோடுதான் வந்தார்’ என்று குறிப்பேட்டைத் திறப்பவரை நம்பலாம்.

நர்ஸ் என்று அறிமுகப்படுத்தப்படுபவர் நர்ஸ்தானா என்பதும் கேள்விக்குரியது. தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிவு பெற்ற ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. படித்தவர் ஒரு வகை. வெள்ளைக் கோட் மாட்டிய அட்டெண்டர் இன்னொரு வகை. அட்டெண்டர் குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அம்மாவின் நாள் நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த அட்டெண்டரின் கையில்தான் இருக்கிறது. அதனால் அவரிடமே தனியாகப் பேச வேண்டும். எவ்வளவு நாளாக இங்கே வேலை? வீடு எங்கே? மாதத்துக்கு எத்தனை நாள் லீவு? ஏஜென்சி மூலம் வந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் முகங்கள் என்றால், ஒவ்வொரு முறையும் டிமென்ஷியாக்காரர் புது ஆளிடம் உடையை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

‘போன தீபாவளிக்கு எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள்?’ என்ற கேள்வி மேலாளர்களைத் தடுமாற வைக்கும் கேள்வி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உள்ளூர்க்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெளிமாநிலத்தவர் அவரவர் பண்டிகைக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களின் டியூட்டி சார்ட்டைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மொழி என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். நோய் முற்ற முற்றப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவும். அம்மா மடியில் கற்றது கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். வங்கி மேலாளராக இருந்து ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டியவர் கடைசியில் கொங்குத் தமிழில் ‘தண்ணி வேணுங்’ என்பார். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பாட்டிக்குத் தமிழே நழுவிவிடலாம். அட்டெண்டர் வேறு மாநிலத்திலிருந்து போன வாரம் வந்தவர் என்றால், ‘வயித்த வலிக்குது’ என்பதை யார் புரிந்துகொள்வது? புரியாத வலி முனகலாகும், பிறகு கத்தலாகும். அதன் பிறகு மாத்திரை வரும்.

தூங்க வைக்கும் மாத்திரை

மாலை ஐந்து மணிக்குப் போனபோது எல்லாரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் படிக்கலாம்.

குவெட்டியாபின், ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவை மனச்சிதைவு நோய்க்காக வந்த மருந்துகள். அலைச்சலையும் கூச்சலையும் அடக்குவதால் டிமென்ஷியா உள்ளவர்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகைப் புது மருந்துகளைக் கொடுத்த 17 ஆய்வுகளைப் பரிசீலித்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களிடம் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு வரை இருப்பதைக் கண்டு, 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தின் மேலேயே அச்சிட வைத்தது. 2008இல் பழைய மருந்துகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. பிரிட்டனில் 2009இல் பேராசிரியர் சூப் பானர்ஜி அரசுக்குக் கொடுத்த அறிக்கை இன்னும் உறைக்கும்: ஆண்டுக்கு 1,80,000 டிமென்ஷியா நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் தரப்படுகின்றன, ஓரளவேனும் பயன் கிடைப்பது 36,000 பேருக்கு, கூடுதலாக நேரும் மரணங்கள் ஏறத்தாழ 1,800.

இந்த மருந்தே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில், குறைந்த அளவில், குறிப்பிட்ட காலத்துக்கு மருத்துவர் கொடுப்பது உண்டு. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவில் மட்டும் ஹாலோபெரிடால் போன்றவை உடம்பை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த வகை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சேர்க்கும் நாளிலேயே அதை எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். இல்லத்திடம் கேட்க வேண்டியது: எத்தனை பேர் இந்த மருந்துகளில் இருக்கிறார்கள், யார் எழுதித் தருகிறார்கள், கடைசியாக எப்போது யாருக்கு நிறுத்திப் பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அங்கே மாத்திரை ஏறுமுகத்தில் மட்டும் போகிறது.

கூடவே இன்னொரு கேள்வி: ‘நேற்றுவரை சரியாக இருந்தவர் திடீரென்று குழம்பிப்போனால் முதலில் என்ன செய்வீர்கள்?’ சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, காய்ச்சலா, எங்காவது வலியா, புது மருந்தா என்று பார்ப்போம் என்றால் அவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. ‘இந்த நோயே அப்படித்தான்’ என்றால் கிளம்பிவிடலாம்.

கட்டிப்போடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. துப்பட்டாவால் நாற்காலியோடு இடுப்பைக் கட்டுவது, எழவே முடியாதபடி மேஜையை நெருக்கிப் போடுவது, கட்டிலின் இருபக்கக் கம்பியையும் இரவு முழுவதும் ஏற்றி வைப்பது எல்லாம் கட்டுதான். ‘விழுந்துடக் கூடாதுன்னுதான்’ என்று சொல்வார்கள். ஆனால் கம்பியைத் தாண்ட முயன்று விழுபவர் கூடுதல் உயரத்திலிருந்து விழுகிறார். ஒழுங்குபடுத்தவோ வசதிக்காகவோ கட்டிப்போடக் கூடாது என்பதை அமெரிக்கா 1987லேயே நர்சிங் ஹோம்களுக்குச் சட்டமாக்கியது. நம் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை.

தயிர்சாதமும் வெள்ளைத் தட்டும்

சாப்பாட்டு நேரத்தில் உட்கார அனுமதிக்காத இல்லத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். என்ன சமைக்கிறார்கள் என்பதைவிட யார் சாப்பிட்டு முடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தட்டை வைத்துவிட்டுப் போய், இருபது நிமிடம் கழித்துத் தொடாத தட்டை எடுத்துக்கொண்டு ‘சாப்பிடலையா பாட்டி, சரி’ என்று நகர்கிறார்களா? பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கவளத்தைக் கையில் எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை காத்திருக்கிறார்களா?

பாஸ்டனில் அல்சைமர் முற்றியவர்களை வைத்து நடந்த, 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வெள்ளைத் தட்டுக்கும் டம்ளருக்கும் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்தபோது உணவு உட்கொள்வது 25 விழுக்காடும் நீராகாரம் 84 விழுக்காடும் கூடியது. பசி மாறவில்லை, தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். வெள்ளை மெலமைன் தட்டில் இட்லியும் தயிர்சாதமும் வைத்தால் அவருக்குத் தட்டு காலி. வாழையிலையில் வைத்தால் ஒவ்வொரு பருக்கையும் தெரியும். ஆனாலும் இன்று பல இல்லங்கள் வெள்ளைத் தட்டைத்தான் மொத்தமாக வாங்கிக் குவிக்கின்றன.

சாப்பிட மறுக்கும் கட்டம் வந்தால் மூக்கில் குழாய் போட்டுவிடுவது இங்கே சர்வசாதாரணம். முற்றிய டிமென்ஷியாவில் குழாயைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. குழாயோடு எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணினால், அங்கே ஊட்ட ஆள் இருக்கிறதா இல்லையா என்பது விளங்கிவிடும்.

கட்டடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கொளியில் மின்னும் கிரானைட் தரை, தண்ணீர் கொட்டிக் கிடப்பதாக அவருக்குத் தோன்றும். கால் வைக்க மாட்டார். வாசலில் போட்ட கறுப்பு மிதியடி குழியாகத் தெரியும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிவறை என்றால் உட்காரும் இடம் எதுவென்றே தெரியாது. கழிவறைக் கதவுக்கு வேறு நிறம், படம் போட்ட பலகை, கைப்பிடிக் கம்பி ஆகியவற்றைப் பார்த்தால் போதும். முக்கியமானது நடக்க இடம். பூட்டிய கேட்டுக்குள்ளேயே சுற்றி நடக்க ஒரு முற்றமோ தோட்டப் பாதையோ இருந்தால் பலருக்கு மாத்திரை தேவைப்படாமலே போகலாம். நெதர்லாந்தின் வேஸ்ப் ஊரில் 2009இல் திறந்த ஹோகவெய்க் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. ஒரு சிறு ஊரையே கட்டி, வீட்டுக்கு ஆறேழு பேராகத் தங்கவைத்து, கடைத்தெருவும் சதுக்கமும் அமைத்து, வெளிவாசலை மட்டும் ஒன்றாக வைத்தார்கள். அவ்வளவு பணம் எல்லாருக்கும் இல்லை. ஆனால் கீரை ஆய ஒரு முறமும், மடித்து வைக்க ஒரு கூடைத் துணியும், பூத்தொடுக்கக் கொஞ்சம் கனகாம்பரமும் வாங்கப் பெரிய பணம் வேண்டாம். கூடத்தில் நாள் முழுவதும் டிவி சீரியல் ஓடுகிறதா, யாராவது எதையாவது கையால் செய்கிறார்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கையெழுத்து

மாதக் கட்டணம் என்று சொல்லும் தொகைக்குள் எது அடங்காது என்று எழுதி வாங்க வேண்டும். டயாபர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர், ஆம்புலன்ஸ், சலவை எல்லாம் தனித்தனியாக ஏறினால் பில் வேறு மாதிரி வரும். நோயாளி மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் முழு வாடகையா, அங்கே துணைக்கு இருப்பது யார், அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும், எந்த நிலை வந்தால் ‘இனி எங்களால் பார்க்க முடியாது’ என்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. படுத்த படுக்கையானதும் அழைத்துப் போகச் சொல்லும் இல்லங்கள் உண்டு.

சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. அப்பாவிடம் பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிவிட்டோம், அவர் வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் கட்டிவிடலாம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது செல்லாது. ஆகவே நோயின் தொடக்கத்திலேயே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, உயில் எழுதுவது ஆகியவற்றை வழக்கறிஞரோடு பேசி முடித்துவிட வேண்டும்.

எங்கே தேடத் தொடங்குவது என்று தெரியாதவர்கள், 1992இல் கேரளத்தில் தொடங்கப்பட்டு இன்று பல ஊர்களில் கிளை உள்ள இந்திய அல்சைமர் சங்கத்தையோ, சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவையோ அணுகலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் தகவல் கிடைக்கும். இல்லத்தில் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தாலும் அதே எண்தான்.

ஒரு பக்கத்தில் ஒரு மனிதர்

பிரிட்டனின் அல்சைமர் சொசைட்டி ‘இதுதான் நான்’ என்ற பொருளில் ஒரு சிறு படிவம் வைத்திருக்கிறது. குடும்பத்தார் அதில் அவரைப் பற்றி எழுதிக் கொடுப்பார்கள். இங்கே அதற்கு அச்சிட்ட படிவம் தேவையில்லை. ஒரு முழுத்தாள் போதும். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன், வலது கையா இடது கையா, செவ்வாய் வெள்ளி தலைக்குக் குளிப்பவரா, அசைவம் தொடாதவரா, எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார், எதற்குப் பயப்படுவார், இறந்துபோன எந்த அண்ணனை அடிக்கடி கேட்பார் என்றெல்லாம் எழுதலாம். அந்தத் தாளை நீட்டும்போது மேலாளர் வாங்கிப் படித்து இரண்டு கேள்வி கேட்கிறாரா, ஃபைலுக்குள் செருகிவிட்டு ‘ஆதார் ஜெராக்ஸ் இருக்கா?’ என்கிறாரா என்பதே ஒரு தேர்வு.

முடிந்தால் முதலில் ஒரு வாரம் அல்லது பத்து நாள் தங்கவைத்துப் பார்க்கலாம். புது இடத்தில் முதல் சில நாட்கள் யாருக்கும் குழப்பம் கூடும். அதைப் பார்த்துப் பயந்து உடனே அழைத்து வருவதும் சரியில்லை. ‘பழகிடுவாங்க, ஒரு மாசம் வராதீங்க’ என்று சொல்லும் இல்லத்தின் பேச்சைக் கேட்பதும் சரியில்லை. எந்த நேரமும் வரலாம், சொல்லாமலும் வரலாம் என்று எழுத்தில் தராத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

சேர்க்கும் அன்று மறக்காமல் ஒன்று செய்யுங்கள். அவரை எடை மெஷினில் ஏற்றி, எத்தனை கிலோ என்று இல்லத்தின் குறிப்பேட்டிலும் உங்கள் டைரியிலும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். முப்பது நாள் கழித்து அதே மெஷினில் மறுபடி ஏற்றுங்கள். எடை இரண்டு மூன்று கிலோ இறங்கியிருந்தால், ‘நல்லா சாப்பிடறாங்க மேடம்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். அன்றே மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சொல்லாமல் போய் உட்காருங்கள்.